பூட்ட விடாத சிவப்பு

ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான் என்று தொடங்கும் கதைகளில், அந்த ராஜா மாலை எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் இந்தக் கதையை நான் ராஜாவிலிருந்து தொடங்காமல் ஒரு கதவிலிருந்து தொடங்குகிறேன். கரிசல் காட்டின் நடுவே, பைபாஸ் ரோட்டிலிருந்து பார்த்தால் நான்கு தண்ணீர்த் தொட்டிகளும் நானூறு வேப்பமரங்களுமாகத் தெரியும் ஒரு பல்கலைக்கழகத்தில், பெண்கள் விடுதிக்கு ஒரு இரும்புக் கதவு இருந்தது. தரையில் பதித்த தண்டவாளத்தில் சக்கரம் உருள ஓடும் ஒற்றைக் கதவு. அது தினமும் மாலை ஆறு மணிக்கு இழுத்துப் பூட்டப்பட்டது. ஆண்கள் விடுதிக்கும் கதவு இருந்தது, ஆனால் அதன் பூட்டு எப்போது தொலைந்தது என்று யாருக்கும் நினைவில்லை, யாரும் தேடியதும் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். யாரிடமிருந்து என்று கேட்டால் வேப்பமரத்தைப் பார்ப்பார்கள். அப்படியானால் அவர்களைத்தானே பூட்ட வேண்டும் என்று நான் முதல் வருடம் ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன். என் அப்பாவுக்குக் கடிதம் போனது.

என் அறைத்தோழி இசக்கியம்மாள் என்னைப் போலக் கூட்டத்தில் எழுந்து கேட்கிறவள் இல்லை. நான் பொருளாதாரம், அவள் இயற்பியல். நான் பேசுகிறவள், அவள் அளக்கிறவள். அவளுடைய ஆராய்ச்சி, கைக்கு அடங்காத தடிமனில் இரண்டு முழ நீளமுள்ள ஓர் எஃகுக் குழாய். அதன் இரண்டு முனையிலும் கண்ணாடி. உள்ளே அழுத்தி நிரப்பிய ஹைட்ரஜன். ஒரு முனையில் பச்சை லேசரை விட்டால் மறு முனையில் சிவப்பு வர வேண்டும். அது எப்படி வரும் என்று ஒருநாள் மெஸ்ஸில் உப்புமாவைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"பச்சை உள்ள போகுது. ஹைட்ரஜன் அதுகிட்ட தன் பங்கை வாங்கிக்கிடுது. மிச்சத்தோட வெளிய வாரதுதான் சிவப்பு," என்றாள்.

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு மாமூல்."

"மாமூல் வாங்குனவன் அசைய மாட்டானே ஆக்னசு. இது வாங்குன கையோட அதிர ஆரம்பிச்சிரும். இன்னொன்னு, எந்தப் பச்சை போனாலும் ஒரே பங்குதான். இவன் யாரு, அவ யாருன்னு பாக்காது."

வெளிச்சம் மெலிந்திருந்தால் கோடி ஒளித்துளியில் ஒன்று தற்செயலாகச் சிவக்கும், கண்ணுக்கே தெரியாது. ஒரு வரம்பைத் தாண்டினால், முதலில் சிவந்தது பக்கத்தில் உள்ளதையும் சிவக்க வைத்து, அது அடுத்ததைச் சிவக்க வைத்து, எல்லாம் ஒரே திசையில், ஒரே அடி வைத்து, நூல் பிடித்தது மாதிரி வெளியே வரும் என்றாள். அந்த வரம்பைத் தாண்டுவதுதான் அவளால் முடியவில்லை. பகலில் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓடினால் மேசை அதிரும். துறைத்தலைவர் அறையில் ஏ.சி. ஓடினால் கரண்ட் விழும், லேசர் சோரும். மாலை ஆறுக்கு மேல் கட்டடமே அடங்கி, மின்சாரம் நூல் போல நேராக வரும்; அந்த நேரமெல்லாம் பையன்களுக்கு. மூன்று வருடமாகப் பையன்கள் மாலையில் அளவு எடுத்து ஆய்விதழ்களில் வெளியிட்டார்கள், இசக்கி பகலில் வெறும் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பது அளவுகள் தேவை. உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது. துறைத்தலைவர் குற்றாலநாதன் அவளைக் கூப்பிட்டு, பொம்பளப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சிரமம், கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு ஏதாவது பண்ணும்மா என்று, தன் மகளுக்குச் சொல்வது போல, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

ஆயுதபூசை வந்தது. காலையிலேயே ஆய்வுக்கூடத்தைக் கழுவி, லேசருக்கும் குழாய்க்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கொடுத்து, பூசைக்கு வைத்த கருவியை மறுநாள் புனர்பூசை வரைக்கும் தொடக்கூடாது என்று சொல்லி எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். லேத் ஓடவில்லை. ஏ.சி. ஓடவில்லை. நாட்டில் எல்லா இயந்திரமும் ஓய்ந்திருக்கும் அந்த ஒரே பகலில், மூன்றரை மணிக்கு, இசக்கி ஆய்வுக்கூடத்துக்குள் போனாள். பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் இருந்த குங்குமத்தைத் துடைத்தாள். லேசரைப் போட்டாள்.

வந்தது. மூன்று வருடம் வராத சிவப்பு அன்றைக்கு, கூப்பிட்டதும் வருகிற பிள்ளை மாதிரி வந்தது. வழக்கமாக அது குழாயின் எதிரே வைத்திருக்கும் ஒரு கருங்கல்லில் முட்டி நிற்க வேண்டும். அந்தக் கல்லைக் காலையில் யாரோ தேங்காய் உடைக்கத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். முட்ட ஒன்றும் இல்லாததால் சிவப்பு திறந்து கிடந்த ஜன்னல் வழியே வெளியே போனது. துணைவேந்தரின் ரோஜாத் தோட்டத்துக்கு மேலாக, சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடுவாக, தபால்பெட்டியை ஒட்டி, நானூறு தப்படி நேராகப் போய், பெண்கள் விடுதியின் திறந்த கதவுக்குள் நுழைந்து, மெஸ்ஸில் கை கழுவும் சுவரில் ஒரு காசளவு பொட்டாக நின்றது. இசக்கி பதறி லேசரை அணைத்தாள். சிவப்பு அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள். மெயினை இறக்கினாள். பச்சை போய்விட்டது, சிவப்பு இருந்தது. காற்றில் போகிற ஒளி பக்கவாட்டில் தெரியாது, பட்ட இடத்தில்தான் தெரியும் என்று படித்தவள் அவள். இது இடுப்பளவு உயரத்தில் வெயிலில் கட்டிய சிவப்புக் கயிறாகத் தெரிந்தது. நொடிக்குப் பத்து முறை துடிக்க வேண்டியது, இமைக்காமல் நின்றது.

ஆறு மணிக்கு மேட்ரன் ஞானசௌந்தரி மேடம், பத்தொன்பது வருடமாகச் செய்வது போல, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கதவை இழுத்தார். பாதி தூரம் ஓடிய கதவு 'டங்'கென்று நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி டங். கை வைத்துப் பார்த்தார். கை காற்றுக்குள் போவது போல அந்தச் சிவப்புக்குள் போய் வந்தது. கதவு போகவில்லை.

"என்ன சுடலை, கதவுக்குக் கம்பி எதுவும் குடுத்திருக்கியா?"

"கம்பி இல்ல மேடம், வெளிச்சம்," என்றார் காவலாளி சுடலைமுத்து அண்ணாச்சி.

"வெளிச்சம்னா தள்ளிப்போகச் சொல்லு."

அண்ணாச்சி வருகைப் பதிவு நோட்டை எடுத்தார். கதவுக்குள் வருகிற எதையும் எழுதாமல் விட்டுப் பழக்கமில்லாத மனிதர். பெயர்: சிவப்பு லைட். எங்கிருந்து: பிசிக்ஸ். வந்த நேரம்: மூன்று நாற்பது. யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, தெரியவில்லை என்று எழுதினார்.

அன்றிரவு கதவு பாதி திறந்து கிடந்தது, வானம் இடிந்து விழவில்லை. அதற்கு அடுத்த நாளும், அடுத்த நாளும். முதல் வாரம் யாரும் வெளியே போகவில்லை. ஆறு மணி ஆனதும் எல்லோரும் பழக்கத்தில் உள்ளே வந்து, திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தோம், சங்கிலியைக் கழற்றிவிட்ட பிறகும் நாய்க்குட்டி சங்கிலி அளவுக்கே சுற்றுவது மாதிரி. எட்டாம் நாள் கெமிஸ்ட்ரி பர்வீன் பேனா வாங்கப் போகிறேன் என்று சொல்லி வெளியே போனாள். எட்டு மணிக்குப் பேனாவோடு திரும்பினாள். பத்தாம் நாள் பன்னிரண்டு பேருக்குப் பேனா தீர்ந்துபோனது. பிறகு பேனா என்று சொல்வதையும் விட்டோம். நூலகத்தில் மாலை எட்டு மணிக்கு விளக்கு எப்படி இருக்கும், பைபாஸ் டீக்கடையில் ஏழரைக்கு வருகிற சூடான பஜ்ஜி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டோம். நான்கு வருடம் படித்த ஊரின் மாலை நேரத்தை முதன்முதலாகப் பார்த்தோம்.

ஊர் அந்தச் சிவப்பைத் தன்னுடையதாக்கிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. அதைக் கடந்து போனவர்களுக்கு விலா எலும்புக்குள் ஒரு சின்ன அதிர்வு வந்து, ஒரு பகல் முழுக்க நின்றது. ஆகவே பக்கத்து ஊர்களிலிருந்து காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல்யாணம் தட்டிப்போனவர்கள் வந்தார்கள். பரீட்சைக்கு முந்தின நாள் பையன்கள் மூன்று முறை கடந்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் தன் கொட்டகையை ஒரு முழம் நகர்த்தி, சிவப்புக்கு நிழல் தருவதாகச் சொன்னார். கார்த்திகை மழையில் அது விழுகிற துளியையெல்லாம் மாதுளை முத்தாக்கியதைப் பார்க்க வேனில் ஆள் வந்தார்கள். சுண்டல் கடை வந்தது, பலூன் வந்தது. பூசைக்கு வைத்ததை எடுத்ததால்தான் அணைய மாட்டேன் என்கிறது என்று ஒரு கட்சியும், குங்குமத்தைத் துடைத்த கோபம் என்று ஒரு கட்சியும் உருவாயின. பதிவாளர் ஒரு ஐயரைக் கூட்டி வந்து புனர்பூசை செய்வித்தார். ஐயர் முடித்துவிட்டு, கடந்து போய், விலாவைத் தடவிக்கொண்டே, நல்லாத்தான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டுமே என்றார். பூசையால் நடக்காததைக் கமிட்டியால் நடத்த ஏழு பேரைப் போட்டார்கள். ஏழும் ஆண். ஏன் என்று கேட்டேன், கதவு சம்பந்தப்பட்ட கமிட்டி என்றார்கள்.

கமிட்டி முதலில் செய்தது ஆய்வுக்கூடத்தைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தது. பல்கலைக்கழகத்தின் அதிசயம், யாரும் தொடக்கூடாது, குழாயில் உள்ள ஹைட்ரஜன் ஒரு மூச்சுகூடக் குறையக்கூடாது. குற்றாலநாதன் சார் அதைப் பற்றி ஆறு கட்டுரை எழுதினார்; ஒன்றில்கூட இசக்கியின் பெயர் இல்லை, ஒன்றின் அடியில் மட்டும், கருவிகளைச் சுத்தம் செய்து உதவிய மாணவிக்கு நன்றி என்று இருந்தது.

எல்லோரும் பஜ்ஜி தின்னப் போனோம், நூலகம் போனோம், எங்களுக்குக் கதவு திறந்தது. எவளுக்காகத் திறக்க வேண்டுமோ அவளுக்கு அறை மூடிவிட்டது. இசக்கி தினமும் ஆறு மணிக்குக் கிளம்பி, அந்தச் சிவப்பை ஒட்டியே நானூறு தப்படி நடந்து, முத்திரை வைத்த கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். நாற்பது அளவுகளில் ஒன்று இல்லை. உலகமே பார்க்கிற அதிசயத்தை அவளால் அளக்க முடியாது.

கமிட்டி இரண்டாவதாகச் செய்ததுதான் எங்களை முடித்தது. சிவப்பை நிறுத்தவும் கூடாது, விடுதியைத் திறந்து போடவும் கூடாது என்று ஒன்பது கூட்டம் கூடி யோசித்து, பழைய கதவுக்குப் பத்தடி முன்னால் ஒரு புதுச் சுவர் எழுப்பினார்கள். அதில் ஒரு புதுக் கதவு. கதவுக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில், சிவப்பு போய்வர ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பித்தளை வளையம். வளையத்துக்கு மேலே 'ஒளிப் பாதை' என்று பளிங்குக் கல். திறப்பு விழாவுக்கு டிசம்பர் ஐந்து, மாலை ஐந்தரை மணி. அன்று ஆறு மணி முதல் விடுதி வழக்கம்போலப் பூட்டப்படும் என்று அறிவிப்பின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது.

"வெளிச்சத்துக்கு ஓட்டை, நமக்குப் பூட்டு," என்றேன். "ஒரு மறியல் பண்ணுவோம். சுவத்தை மறிச்சு உக்காருவோம்."

இசக்கி சுவரைப் பார்த்தாள். "உக்காந்தா நம்மளையா பாப்பாங்க? இதைத்தான் பாப்பாங்க. இது நிக்கிற வரைக்கும், பிள்ளைகளுக்கு எவ்வளவு பெருமைன்னு சொல்லிக்கிட்டே பூட்டுவாங்க."

"அப்புறம்?"

"விழா அன்னைக்கு எல்லாவனும் இங்க இருப்பான். நீ எனக்கு ஜன்னல் ஏறத் தோள் குடு, போதும்."

ஆய்வுக்கூடத்தின் கதவுக்கு அரக்கு வைத்தவர்களால் ஜன்னலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. சிவப்பு அதையும் மூட விடவில்லை. டிசம்பர் ஐந்து, மேளம் கேட்கிற நேரத்தில், இசக்கி என் தோளில் கால் வைத்து ஏறி உள்ளே குதித்தாள், பிறகு என்னையும் இழுத்துப் போட்டாள். குழாய் சந்தனம் காய்ந்து அமைதியாகக் கிடந்தது. அவள் ஸ்பேனரை எடுத்து வால்வில் மாட்டினாள்.

எதற்கெடுத்தாலும் வாதாடுகிற நான் அங்கே எதிர்க்கட்சிக்கு வாதாடினேன். "ஏட்டி, இது உன்னோடது. உலகத்துலயே ஒன்னுதான் இருக்கு. இதை விட்டா நாளைக்கு உன் பேரு எங்கயுமே வராது."

"பேரு இருக்கு, எங்கம்மை வச்சது. ரீடிங்தான் இல்ல."

வால்வைக் கால் சுற்றுத் திருப்பினாள். 'ஸ்ஸ்' என்று, சோறு வெந்த குக்கர் மாதிரி ஒரு சத்தம். ஹைட்ரஜன், உலகத்திலேயே எடை குறைந்தது, மணமில்லை, நிறமில்லை, ஜன்னல் வழியே கரிசல் காட்டின் மேலாகப் போய்க்கொண்டே இருந்தது. அழுத்தமானி முள் இறங்க இறங்க சிவப்பு மெலிந்தது. கயிறு நூலானது, நூல் மயிரானது. இசக்கி இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைக்கவில்லை, கையும் வால்விலிருந்து எடுக்கவில்லை. பிறகு ஜன்னலில் வெறும் மாலை வெயில் இருந்தது. நானூறு தப்படிக்கு அப்பால் மேளம் நின்றது. "ஐயோ" என்று ஒரு கூட்டமே சொல்வது கேட்டது.

நாங்கள் ஓடிப் போனபோது பதிவாளர் கையில் கத்திரிக்கோலோடு, வெட்டிய ரிப்பனுக்கும் வெறும் ஓட்டைக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். வந்த ஜனம் ஓட்டைக்குள் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று சுண்டலைத் தின்றுகொண்டே கலையத் தொடங்கியது. மணி ஐந்தே முக்கால். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாத அந்த இடத்தில், முதல்முறையாக, எங்கள் இருநூற்றுப் பதினான்கு பேரும் கண்ணில் பட்டோம்.

"உள்ள போங்கம்மா, நேரமாச்சு," என்றார் பதிவாளர்.

இசக்கி உள்ளே போகவில்லை. வந்த வழியே திரும்பி, சிவப்பு இருந்த தடத்தில், அது போனது போலவே நேராக, ஆய்வுக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். நான் அவள் பின்னால் நடந்தேன். பர்வீன் என் பின்னால், அவள் பின்னால் மற்ற எல்லோரும். யாரும் கோஷம் போடவில்லை, கோஷம் எழுதி வைத்திருந்த நானே போடவில்லை. விலாவுக்குள் அதிர்ந்தது, கடந்து போக அங்கே சிவப்பு எதுவும் இல்லை, இருந்தும் அதிர்ந்தது. தபால்பெட்டியை ஒட்டி, சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடுவாக, துணைவேந்தரின் ரோஜாக்களைச் சுற்றிப் போகாமல் அவற்றின் மேலேயே, முள் குத்தக் குத்த, ஒற்றை வரிசையாகப் போனோம்.

பின்னால் பதிவாளர் கத்துவது கேட்டது. "மேட்ரன்! பூட்டுங்க. வெளிய போனதுக வெளியவே கெடக்கட்டும்!"

ஞானசௌந்தரி மேடம் புதுச் சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரூல் அப்படி இல்ல சார். தலை எண்ணி, நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுத்தான் பூட்டணும். உள்ள ஒரு தலைகூட இல்ல. எதை எண்ணிப் பூட்ட?"

"ரூல் போட்டதே நான்தான்!"

"அதனாலதான் மீற முடியல," என்று சொல்லிவிட்டு, அவர் கதவோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதைப் பின்னர் சுடலைமுத்து அண்ணாச்சி எங்களுக்கு நடித்தே காட்டினார்.

ஆய்வுக்கூட வாசலில் குற்றாலநாதன் சார் மூச்சு வாங்க எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். "என்னம்மா பண்ணிட்ட? நாப்பத்தஞ்சு நாள் நின்னதை இப்படிப் பண்ணிட்டியே!"

"முத்திரை அதிசயத்துக்குத்தான வச்சிய சார். அதிசயம் இல்ல இப்ப. வெறும் குழாய்தான் கெடக்கு. நான் ரீடிங் எடுக்கணும்."

"ஆறு மணிக்கு மேல ஒரு பொம்பளப் பிள்ளை தனியா லேப்ல இருக்கக்கூடாதும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"தனியா இல்லையே சார்," என்றேன் நான், இதற்காகவே பிறந்தவளைப் போல. "துணைக்கு இருநூத்திப் பதிமூணு பேரு வந்திருக்கோம். காணாதுன்னா சொல்லுங்க, ஊர்ல இருந்து அம்மாக்களையும் வரச் சொல்லுதோம்."

அவர் எங்களைப் பார்த்தார். வராந்தா நிறைய, படி நிறைய, படிக்குக் கீழே ரோஜா முள் கிழித்த காலோடு பெண்கள். ஒரு நிமிடம், நிஜமாகவே ஒரு முழு நிமிடம், அவர் யோசித்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் அரக்கைத் தன் கையாலேயே உடைத்தார். மனம் மாறி உடைத்தாரா, வேறு வழியில்லாமல் உடைத்தாரா என்று எங்களுக்குள் இன்றைக்கும் சண்டை. வேறு வழியில்லாமல் என்பது என் கட்சி.

இசக்கி அவசரப்படவில்லை. மூலையில் இருந்த சிலிண்டரிலிருந்து குழாயில் புது ஹைட்ரஜன் நிரப்பினாள். கசிவு பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். பர்வீன் வெளியே போய்த் தேங்காய்த் துணுக்கு ஒட்டிக் காய்ந்திருந்த கருங்கல்லைத் தூக்கி வந்து எதிரே வைத்தாள். லேத் ஓடவில்லை, ஏ.சி. ஓடவில்லை, மின்சாரம் நேராக வந்தது. பச்சை உள்ளே போனது. கல்லின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு, நொடிக்குப் பத்து முறை, புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியே துடித்தது. யாரும் தூரத்து ஊரிலிருந்து வேன் பிடித்துப் பார்க்க வராத, சாதாரணச் சிவப்பு.

அணைத்தாள். அணைந்தது.

இசக்கி நோட்டைத் திறந்து தேதி எழுதி, அழுத்தம் எழுதி, நேரம் என்ற கட்டத்தில் மாலை 7.10 என்று எழுதினாள். பிறகு வாசலில் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும் எங்களை, நாங்கள் வந்திருப்பதையே அப்போதுதான் கவனித்தவள் போலத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்னு எடுத்தாச்சு, இன்னும் முப்பத்தொம்பது கெடக்கு," என்றாள். "பசிக்கிறவிய போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கட்டி. கதவு திறந்துதான இருக்கு."